ஷெட் போடக் கொடுப்பவர்கள் போல்ட் தலையைப் பாருங்கள்

மணலி, மாதவரம், செங்குன்றம் பக்கம் இரும்பு ஷெட் போடக் கொடுக்கப்போகிறவர்களுக்கு இது. கான்ட்ராக்டர் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

விச்சூரில் எங்கள் குடோனுக்குக் கிலோ ரேட் பேசினோம். போல்ட் எல்லாம் 8.8 கிரேடு, அதாவது வலு கூடிய ரகம் என்று கொட்டேஷனில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். தூண், ராஃப்டர் (தூண் மேல் சாய்வாக வரும் கூரை உத்தரம்) எடையில் குறையே இல்லை. அவர் கை வைத்ததெல்லாம் எடை மேடையில் தெரியாத இடத்தில்.

தூணும் ராஃப்டரும் சேர்ந்த முதல் ஃபிரேமை நிறுத்தி, நாலு பக்கமும் கம்பிக் கயிறு கட்டி, டர்ன்பக்கிள் என்கிற முறுக்கி இறுக்கும் கொக்கியால் இழுத்துவிட்டார்கள். பக்கத்து ஃபிரேமும் நின்று, இரண்டுக்கும் நடுவில் பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), குறுக்கு பிரேசிங் (சாயாமல் பிடிக்கும் மூலைவிட்டக் கம்பி) போட்டு முறுக்கி, தூக்குக்குண்டு விட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தக் கயிறு இறங்க வேண்டும். இவரிடம் இருந்ததோ ஒரே செட். அடுத்த ஃபிரேம் ஏறும்போது முந்தையதின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். கேட்டதற்கு, “பர்லின் புடிச்சுக்கும் சார்” என்றார். பிரேசிங் இன்னும் லாரியைவிட்டே இறங்கவில்லை. பர்லினை ராஃப்டரோடு பிடிக்கும் கிளீட் துண்டில் இரண்டு ஓட்டைக்கு ஒரு போல்ட், அதுவும் கையால் முடுக்கியது. மத்தியானம் கடல்காற்று கொஞ்சம் வேகமாக வீசியதும் நின்ற ஃபிரேமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. நல்லவேளை, ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

“காத்துக்கு நான் என்ன சார் பண்றது?” என்றார். கட்டடத்தை வடிவமைக்க, ஐ.எஸ். 875 என்கிற இந்தியத் தரநிலை சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அன்று அடித்தது மாடியில் துணி பறக்கிற காற்று!

அப்புறம் வேறொரு இன்ஜினியரை வைத்துப் பிரித்துப் பார்த்தோம். பெயின்டைச் சுரண்டினால் பாதிக்கு மேல் போல்ட் தலையில் 4.6 என்றிருக்கிறது. 8.8 என்றால் இழுவிசை 800 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும், 4.6 என்றால் 400, சரிபாதி. 20 எம்.எம். போல்ட்டுக்கு ஓட்டை 22 இருந்தால் போதும். இங்கே ஓட்டை சேராத இடத்திலெல்லாம் கேஸ் கட்டரால் கண்டபடி அகலமாக்கி, வாஷரை வைத்து மூடியிருந்தார்கள்.

ஒரு ராஃப்டர் ஜாயின்ட்டில் ஸ்பேனர் போட்டால் போல்ட் அசையவில்லை. பின்னால் நட்டும் இல்லை. ஓட்டைகள் நேராக வராததால், போல்ட்டை அறுத்து, தலையை மட்டும் பொய்ப்பல் மாதிரி பிளேட்டில் வெல்டிங் வைத்து, மேலே ரெட் ஆக்சைடு பூசியிருக்கிறார்கள். இதை யோசிக்கவே ஒருத்தருக்குத் தனி மூளை வேண்டும்.

கொட்டேஷனில் கயிறு, தற்காலிக முட்டு, எரெக்‌ஷன் பிரேசிங் எல்லாவற்றையும் தனி வரியாக, எத்தனை செட் என்று எழுதி வாங்குங்கள். கிலோ ரேட்டில் அடங்கும் என்றால் வராது. போல்ட்டைப் பெட்டியோடு, டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு கேளுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் ஏணி போட்டு ஏறி, பின்பக்க நட்டையும் பாருங்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டோம். கழற்றின போல்ட்டுக்கும் சேர்த்துக் கூலி பில் அனுப்பியிருக்கிறார்.