கலேடியம் கிழங்கைக் காப்பாற்றிப் பார்த்த ஐந்து வருடம்

போன வாரம், வண்ண இலைகளின் அழகுக்காக வளர்க்கும் கலேடியம் செடியின் கிழங்குகளைத் தொட்டியில் நட்டுக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு அக்கா கேட்டார்: “இதை வருஷா வருஷம் புதுசா வாங்கணுமா, வச்சிருந்தா திரும்ப வருமா?”

வரும். ஆனால் சென்னையில் அதை வரவைக்கப் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்கத் தோட்டங்களுக்கானவை. உறைபனிக்கு முன் கிழங்கைத் தோண்டி எடுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் புதிதாக வாங்குங்கள் என்பார்கள். வெப்பமான ஊர் என்றால் மண்ணிலேயே விடலாமாம். நம் ஊரை விடவா வெப்பம் என்று முதல் வருடம் மாடித் தொட்டியிலேயே விட்டுவிட்டேன். இங்கே கிழங்கைக் கொல்வது ஐப்பசி, கார்த்திகை மழை. செடி உறங்கப் போகும் அதே நேரத்தில் அடைமழையும் பிடித்துக்கொள்கிறது. இலை உதிர்ந்த கிழங்குக்குத் தண்ணீர் தேவையில்லை. சொதசொதப்பான மண்ணில் அழுகிவிடும். டிசம்பரில் கிளறிப் பார்த்தால் 9 தொட்டியில் 7 கூழாகிக் கிடந்தன. விற்ற நர்சரியில் “வருஷம் முழுக்க இலை இருக்கும்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அப்புறம் முறையை மாற்றினேன். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தொட்டிகளை மாடிப்படிக்கு அடியில் நகர்த்தித் தண்ணீரை நிறுத்திவிடுவேன். மண் காய்ந்ததும் கிழங்கை எடுத்து, உலர்ந்த தேங்காய் நார்த் தூளோடு அட்டைப் பெட்டியில் வைத்து, சித்திரையில் நடுவேன். சேம்புக் குடும்பம்தானே, வெறுங்கையால் தொட்டால் சிலருக்கு அரிக்கும். இவ்வளவு செய்தும் இந்த வருடம் 14 கிழங்கில் 5 பூசணம் பிடித்துப் போய்விட்டது.

இதில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று. முதல் வருடம் அழுகிய தொட்டி மண்ணை மதில் ஓரம் முருங்கை அடியில் மேடாகக் கொட்டியிருந்தேன். மே மாதம் ஒரு கோடை மழை பெய்து நாலைந்து நாள் கழித்து, சுருட்டிய இலை ஒன்று ஈட்டி மாதிரி நிமிர்ந்து நின்றது. விரிந்ததும் பார்த்தால் வெள்ளை இலை, பச்சை நரம்பு. தப்பிய துண்டு ஒன்று! மேட்டில் தண்ணீர் நிற்பதில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். நான் கையே வைக்காமல் வருடா வருடம் வருகிறது, இப்போது ஒரு புதராகிவிட்டது. காலையில் அதைப் பார்க்காமல் என்னால் வேலைக்குக் கிளம்ப முடியாது.

ஆனாலும் அக்காவிடம், தொட்டியில் வைப்பதானால் வைகாசியில் புதிதாக வாங்குங்கள், மழை வந்ததும் கிழங்கைக் காப்பாற்றப் பார்க்காமல் விட்டுவிடுங்கள் என்றுதான் சொன்னேன். 5 கிழங்கு போன எரிச்சல் அப்படிப் பேச வைத்தது. முருங்கை அடியிலிருந்து ஒரு கிழங்கு தோண்டித் தருவதாகவும் சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டு மதில் ஓரமும் மேடுதான்.