ஸ்கிரிப்ட் இல்லாமல் படம் எடுக்கும் பட்டறை: நடிப்புக்குச் சேரலாம், படத்துக்கு யோசிக்கணும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடியில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கிற பட்டறை. வசனம் எழுதிக் கொடுக்க மாட்டார்கள், சேர்கிற பசங்களே கூடிப் பேசி, நடித்துப் பார்த்து, கடைசியில் ஒரு குறும்படத்தோடு வெளியே வரணும். கட்டணம் 6,000 ரூபாய், மதியச் சாப்பாடு உள்பட. சாப்பாடு சுமார், அதை விடுங்கள். கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்காகப் பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நடிப்புப் பகுதி அருமை. "தோணுறதைப் பேசு" என்று யாரையும் நடுவில் தள்ளிவிடவில்லை. எங்கள் கதையில், பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து, அந்தப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்தா தாத்தா இறந்த பிறகு பேரப்பிள்ளைகள் வீட்டை விற்பதா வேண்டாமா என்று பேச உட்காருகிறார்கள். சொல்லிக்கொடுக்கிற அண்ணன் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார், அடுத்தவரிடம் காட்டக் கூடாது. வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருப்பது ஒருத்திக்கு மட்டும் தெரியும், ஒருவன் யாருக்கும் சொல்லாமல் அட்வான்ஸ் வாங்கிவிட்டான், இன்னொருவனுக்கு எதுவுமே தெரியாது. அப்புறம் சண்டை தானாக வந்தது. ஆரம்பத்தில் எல்லாரும் சீரியல் தமிழில்தான் பொங்கிக்கொண்டிருந்தோம், கடலூர் முதுநகரிலிருந்து வந்த பெண் மட்டும் வீட்டில் கத்துகிற மாதிரியே கத்த, அண்ணன் எங்கள் பக்கம் திரும்பி "நீங்க பதில் சொல்றது அவளுக்கா, கேமராவுக்கா?" என்று கேட்டார். அதற்கப்புறம் வசனம் குறைந்தது.

ஒரு மாலை விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு கூத்துக் கலைஞரை வரவழைத்திருந்தார்கள். கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்வான், அன்றைக்கு ஊரில் நடந்ததை உள்ளே இழுப்பான், ஆனால் அடுத்த பாட்டு வரவேண்டிய இடத்தில் கதையைக் கொண்டுவந்து விட்டுவிடுவான். அவர் செய்து காட்டியதைப் பார்த்ததும்தான் சீட்டு எதற்கு என்று சரியாகப் புரிந்தது: பேச்சு எப்படிப் போனாலும் கதை தடம் மாறாமல் இருக்கத்தான். இன்னொன்றும் பிடித்தது, நேர்மையாகப் பேசுகிறார்கள். அமெரிக்க இயக்குநர் ஜான் கசாவெடிஸின் 'ஷேடோஸ்' ஒரு நடிப்புப் பட்டறையில் பிறந்த படம், முடிவில் 'நீங்கள் பார்த்தது இம்ப்ரொவைசேஷன்', அதாவது எழுதிவைக்காமல் அந்த நேரத்தில் தோன்றியதை நடித்தது, என்று எழுத்தே வரும், ஆனால் 1959இல் வந்த வடிவத்தில் பெரும்பகுதி எழுதி மறுபடி எடுத்தது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

சரி, இனி புகார். இருப்பது ஒரே கேமரா. எழுதிய வசனம் என்றால் ஒருவர் பக்கம் எடுத்துவிட்டு, அதையே திரும்பப் பேச வைத்து அடுத்தவர் பக்கம் எடுக்கலாம். இங்கே இரண்டாவது டேக்கில் பேச்சே வேறு. அடமான விஷயம் உடைகிற காட்சியில் அவள் சொன்னது முதல் டேக்கில் இருக்கிறது, அதைக் கேட்கிறவனுடைய முகம் மூன்றாவது டேக்கில் வேறு ஏதோ பேச்சுக்கு அதிர்ச்சியாகிறது, இரண்டையும் ஒட்டினால் யாரோ யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி இருக்கிறது. இந்த முறைக்கு இரண்டு கேமரா ஒரே நேரத்தில் ஓடியே ஆகணும்.

ஒலி இன்னும் மோசம். எல்லாருக்கும் சேர்த்து நீளக் கம்பில் மாட்டிய ஒரு பூம் மைக், காலர் மைக் கிடையாது, சண்டையில் நான்கு பேர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பிரிக்கவே முடியவில்லை. வைத்திக்குப்பம் கடற்கரையில் எடுத்ததில் மைக்குக்குக் காற்று உறைகூட இல்லை, முழுக்கக் காற்றுதான் பேசுகிறது. "டப்பிங்கில் பார்த்துக்கலாம்" என்றார்கள். எதை வைத்து டப் செய்வது? யார் என்ன பேசினார்கள் என்று ரஷஸை, அதாவது எடிட் செய்யாத மூலப் பதிவைக், கேட்டுக் கேட்டு எழுதி, வாய்க்குள் முனகியதையெல்லாம் அதே வேகத்தில் திரும்பப் பேசணும், பேசினாலும் அந்தக் கோபம் வருவதில்லை. எடிட்டிங்குக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மதியம், மீதியை ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த பேட்சில் படத்துக்காகச் சேருகிறவர்கள் பணம் கட்டும் முன் இரண்டாவது கேமரா, ஆளுக்கொரு காலர் மைக், எடிட்டிங்குக்கு எத்தனை நாள் என்று கேட்டுவிடுங்கள். நடிப்பு மட்டும் போதும் என்றால் எதையும் கேட்காமல் சேரலாம், சாப்பாட்டை மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள்.