கிரீன் டீ காக்டெய்லுக்கு எந்தப் பூ: மல்லிகையா, எல்டர்ஃப்ளவரா, சகுராவா?

லண்டனில் குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் ஏப்ரலில், கிரீன் டீயும் பூவும் சேர்ந்த ஒரு காக்டெய்ல் செய்ய ஆசைப்பட்டேன். மூன்று சனிக்கிழமைகள் அதற்கே போயின. போட்டியில் கடைசிவரை நின்றவை மூன்று பூக்கள்: மல்லிகை, ஐரோப்பாவில் புதராய் வளரும் எல்டர் மரத்தின் வெள்ளைப் பூவான எல்டர்ஃப்ளவர், ஜப்பானின் செர்ரிப் பூவான சகுரா. ரோஜாவை முதல் நாளே ஒதுக்கிவிட்டேன். நாலு சொட்டுப் பன்னீர் விட்டதுமே டீயின் வாசம் போன இடம் தெரியவில்லை.

பூவுக்குப் போகும் முன் டீயைச் சரியாக இறக்கிவிட வேண்டும். பெரும்பாலும் காக்டெய்ல் கெடுவது இங்கேதான். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கிரீன் டீ கசந்துவிடும். 75 டிகிரித் தண்ணீரில் இரண்டு நிமிடம் என்றால் தேவலை. ஆனாலும் ஆறவைத்து எலுமிச்சை சேர்த்ததும் ஒரு துவர்ப்பு மேலே வந்துவிடுகிறது. இலையை நேராக ஜின்னில் ஊறவைக்கும் வழியும் உண்டு. நியூயார்க்கின் காக்டெய்ல் நிபுணர் ஆட்ரி சாண்டர்ஸ், பெர்கமாட் பழ மணமுள்ள ஏர்ல் கிரே டீயை அப்படி ஊறவைத்துத்தான், மார்ட்டினி என்ற காக்டெய்லின் பெயருக்குள் 'டீ'யை நுழைத்த தன் புகழ்பெற்ற 'மார்டீனி'யைச் செய்தார். அதில் அவர் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது: அதிலுள்ள புரதம் டீயின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். கிரீன் டீயை இப்படிச் செய்து பார்த்தேன். இருபது நிமிடத்தில் எடுத்தபோது நன்றாக இருந்தது. மறந்துபோய் ஒரு மணி நேரம் விட்டது, வாழைப்பூவைப் பச்சையாய்க் கடித்தது போல் நாக்கைப் பிடித்தது.

அதனால் என் ஓட்டு பச்சைத் தண்ணீருக்குத்தான். 400 மில்லி தண்ணீரில் 10 கிராம் இலையைப் போட்டு, மூடி, ஐந்து மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் போதும். குளிர்ந்த தண்ணீரில் துவர்ப்பு குறைவாகவே இறங்கும், இலையின் இனிப்பு முன்னால் வரும். ஐஸ் உருகித் தண்ணீர் சேரும் என்பதால் குடிக்கிற டீயைவிடக் கொஞ்சம் திடமாகவே இருக்கட்டும்.

சரி, பூக்கள்.

எல்டர்ஃப்ளவர்தான் இருப்பதில் சுலபம். பிரான்ஸில் தயாராகும் செயின்ட் ஜெர்மைன் என்ற எல்டர்ஃப்ளவர் லிக்கர் (இனிப்பு மது) 2007-ல் சந்தைக்கு வந்ததிலிருந்து உலகம் முழுக்க பார்களில் அந்தப் பூவின் மணம் பரவிவிட்டது. 20 சதவீத ஆல்கஹால், நல்ல இனிப்பு, பேரிக்காயும் லிச்சியும் கலந்தாற்போல ஒரு வாசம். ஜின் 40 மில்லி, இந்த லிக்கர் 20, செஞ்சா என்ற ஜப்பானிய கிரீன் டீ 60, எலுமிச்சைச் சாறு 15. சர்க்கரை வேண்டவே வேண்டாம். முதல் வாய் பிரமாதம். பாதிக் கிளாஸுக்கு மேல் எனக்கு ஒரு குறை தெரிந்தது: பூ தனியாக, டீ தனியாக நிற்கின்றன. செஞ்சா ஆவியில் வேகவைத்த இலை. அதில் புல் வாசமும் லேசான கடல்பாசிச் சுவையும் இருக்கும். எல்டர்ஃப்ளவரின் இனிப்பு அதன் மேல் படர்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை. பூவைப் பறித்து நீங்களே சிரப் காய்ச்ச நினைத்தால் மே கடைசிவரை காத்திருக்க வேண்டும். பூவை மட்டும் எடுங்கள். இலையும் தண்டும் நச்சுத்தன்மை உள்ளவை.

காலண்டரைப் பார்த்தால் ஜெயிக்க வேண்டியது சகுராதான். மூன்றில் அசல் வசந்தப் பூ அது ஒன்றே. ஜப்பானில் இதற்கென்றே அடுக்கிதழ் கொண்ட கன்சான் வகையைப் பறித்து, உப்பும் உமே என்ற புளிப்புப் பழத்தின் காடியும் சேர்த்து ஊறுகாய் போடுகிறார்கள். கனகாவாவில் உள்ள ஹதானோ இதற்குப் பேர்போன ஊர். நிச்சயதார்த்தம், கல்யாணம் என்றால் ஜப்பானில் டீ கொடுப்பதைத் தவிர்த்து, இந்தப் பூவை வெந்நீரில் போட்டு 'சகுராயு' கொடுப்பார்கள். 'டீயைக் கலக்குவது' என்றால் ஜப்பானிய மொழியில் பேச்சை மழுப்புவது என்று பொருள். நல்ல காரியத்துக்கு அது ஆகாதாம்.

பாக்கெட்டைப் பிரித்தால் உப்புப் பூத்துச் சுருங்கிய ஊதா முடிச்சுகள். ஒன்றை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெளி இதழ் ஒன்று மெல்லப் பிரிந்தது, அதன் பின்னால் இன்னொன்று. காம்பு கீழே தொங்க முழுப் பூவாய் மிதந்தபோது என் மகள் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து மேசையருகே நின்றுவிட்டாள். வாசம் நாம் எதிர்பார்க்கும் பூ வாசம் இல்லை. கூமரின் என்ற பொருளால் வருவது. புதிதாய்க் காய்ந்த வைக்கோலின் இதமான மணம். இதற்கு எலுமிச்சை ஆகாது. ஷோச்சு என்ற ஜப்பானியச் சாராயம் 45 மில்லி, செஞ்சா 90, கொஞ்சம் சோடா, பத்து நிமிடம் ஊறி உப்புக் குறைந்த ஒரு பூ. ஜப்பானில் ஷோச்சுவும் கிரீன் டீயும் வெகுநாள் கூட்டாளிகள், அந்தப் பொருத்தம் குடிக்கும்போது தெரிகிறது. ஜின்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2017-ல் வந்த, ஜப்பானின் சன்டோரி நிறுவனத்தின் ரோகு ஜின் இருக்கிறது. சகுராப் பூ, சகுரா இலை, செஞ்சா, நிழலில் வளர்த்த கியொகுரோ டீ நான்குமே அந்தப் பாட்டிலுக்குள் இருக்கின்றன. பார்வைக்குச் சகுராவை அடிக்க ஆளில்லை. ஆனால் வாயில் முதலில் படுவது உப்பு, பூ பிறகுதான். ஒரு கிளாஸ் போதும் என்று தோன்றிவிடுகிறது.

மல்லிகை டீயில் அந்தச் சிக்கலே இல்லை. பூ ஏற்கெனவே இலைக்குள் இருக்கிறது. சீனாவின் ஃபூஜோவில் வசந்தத்தில் பறித்த இலையைப் பத்திரப்படுத்தி, கோடையில் மல்லிகை வரும்வரை காத்திருக்கிறார்கள். பகலில் பறித்த மொட்டு இரவில்தான் மலரும். மலரும் நேரத்தில் இலையோடு கலந்து பரப்பி வைத்து, மறுநாள் பூவைச் சலித்தெடுத்து, இலையை மீண்டும் உலர்த்துகிறார்கள். நல்ல ரகத்துக்கு ஆறேழு முறைகூட இப்படி நடக்கும். ஃபூஜோவின் இந்த முறையை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2014-ல் உலக வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது. அந்தப் பூ நமக்கு அந்நியமும் இல்லை: 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இதே இனம்தான். மாலையில் சரம் வாங்கி, ராத்திரி அறை முழுக்க மணப்பதை அனுபவித்தவர்களுக்கு இந்த டீயின் மூடியைத் திறந்ததும் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

அதற்காகப் பூக்கடை மல்லிகையை ஜின்னில் போட்டுவிடாதீர்கள். சரத்துக்கு வளர்க்கும் பூவில் பூச்சிமருந்து அடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

அளவு: ஜின் 45 மில்லி, மல்லிகை டீ 60, எலுமிச்சைச் சாறு 15, தேனும் தண்ணீரும் சரிபாதி கலந்த சிரப் 15. ஐஸ் போட்டு எட்டு விநாடி குலுக்கினால் போதும், அதற்கு மேல் தண்ணீராகிவிடும். ஜின்னின் ஜூனிபர் வாசம் முதலில் வந்து போகிறது, பின்னால் மல்லிகை, விழுங்கிய பிறகு டீயின் பச்சை. மூன்றும் ஒன்றன் கை ஒன்று பிடித்து வருகின்றன. தேனைக் கூட்டினால் மல்லிகை மங்கும், 15-ஐத் தாண்டாதீர்கள். விலையைப் பார்த்தாலும் இதுதான் கட்டுப்படி, லிக்கர் பாட்டில் தனியாக வாங்க வேண்டியதில்லை.

விருந்தினர் நிறையப் பேர், இனிப்பு விரும்பிகள் என்றால் எல்டர்ஃப்ளவர் செய்வேன். இரண்டு பேர் நிதானமாக உட்கார்ந்து பேசும் மாலைக்குச் சகுரா. எனக்காகச் செய்துகொள்வது மல்லிகை. டீயில் காஃபின் இருப்பதால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் மட்டும் வேண்டாம். மது தொடாதவர்களுக்கு ஜின்னை விட்டுவிட்டு, டீயை 120 மில்லியாக்கி, மேலே சோடா ஊற்றிக் கொடுங்கள். போன வாரம் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதைத்தான் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.