கிரேடில்: பில்லின் தலையில் பழைய நம்பர் வந்த கதை

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கிறேன். நிரல் ஒன்றுதான். கடைப் பெயர், தெரு, போன் நம்பர், ஜிஎஸ்டி எண் மட்டும் கடைக்குக் கடை மாறும். நிரலை ஓடும் மென்பொருளாக ஆக்கும் வேலைதான் பில்டு; அதைச் செய்து தரும் கருவி கிரேடில். பில்டு ஓடும்போதே இவற்றை ஒரு கோப்பில் எழுதிவைக்க ஒரு கஸ்டம் டாஸ்க், அதாவது நாமே எழுதிச் சேர்த்த ஒரு வேலைப்படி, உண்டு. கிரேடிலைப் பற்றிய என் அபிப்பிராயம் முழுக்க அந்த டாஸ்க்கால் வந்தது.

கிரேடிலுக்குக் கட்டளை எழுதும் க்ரூவி மொழி ஸ்கிரிப்டில் 'டெஃப்' என்ற சொல் போட்டு அறிவித்த மாறி, அதே கோப்பில் டாஸ்க்குக்காக எழுதிய கிளாஸுக்குள் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் முழிக்கிற இடம் இது. கூடுதல் மதிப்புகளுக்கான 'எக்ஸ்ட்'டில் வைத்தால், பில்டின் விவரங்களைத் தாங்கும் 'ப்ராஜெக்ட்' வழியாக எடுத்துவிடலாம். வேலை நடக்கும், ஆனால் வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

யாரோ எழுதி என் கைக்கு வந்த பில்டு, மதிப்பை 'ப்ராஜெக்ட்' வழியாக எடுக்கிற அந்த ரகம். கிளாஸ் 'பில்ட்சோர்ஸ்' அடைவில், கடை விவரம் 'கிரேடில் ப்ராபர்ட்டீஸ்' கோப்பில். கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடை அண்ணாச்சி போன் நம்பரை மாற்றச் சொன்னார். மாற்றி, பில்டு ஓட்டி அனுப்பியாயிற்று. சாயங்காலமே கூப்பிட்டார்: "தம்பி, பில்லுல பழைய நம்பருல்லா வருது!"

டாஸ்க்கை 'அப் டு டேட்', அதாவது எதுவும் மாறவில்லை, என்று கிரேடில் தாண்டிப் போயிருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. எழுதும் கோப்பை மட்டும் அறிவித்துவிட்டு, மதிப்பை உள்ளே திருட்டுத்தனமாகப் படித்தால், நம்பர் மாறியது அதற்கு எப்படித் தெரியும்?

இப்போது கிளாஸில், டாஸ்க் எதை நம்பி ஓடுகிறது என்று கிரேடிலுக்குச் சொல்லும் 'இன்புட்' குறியோடு, மதிப்பை வாங்கிக்கொள்ள ஒரு 'ப்ராபர்ட்டி' அறிவித்திருக்கிறேன். டாஸ்க்கைப் பதிவு செய்யும் இடத்தில் கோப்பிலிருந்து எடுத்துத் தரும் 'ப்ரொவைடர்ஸ்' மூலம் மதிப்பைக் கொடுத்துவிடுகிறேன். நம்பர் மாறினால் டாஸ்க் ஓடுகிறது, மாறாவிட்டால் சும்மா இருக்கிறது. கிளாஸுக்கு எந்தக் கடை என்றே தெரியாது; அப்படியே அடுத்த கடைக்கும் ஆகும். பில்டுக்கான ஏற்பாட்டைச் சேமித்து அடுத்த முறையும் பயன்படுத்தும் வசதியான, 2023இல் வந்த கிரேடில் 8.1 பதிப்பில் நிலைபெற்ற 'கான்ஃபிகரேஷன் கேஷ்' வேண்டுமென்றாலும் இப்படித்தான் எழுத வேண்டும். டாஸ்க் ஓடும்போது 'ப்ராஜெக்ட்'டைத் தொட்டால் அது ஒத்துக்கொள்ளாது.

இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காதது கிரேடிலின் டீமன், அதாவது பின்னணியில் ஓடும் அதன் நிரல். வேலை முடிந்தும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 3 மணி நேரம் சும்மா இருந்தால்தான் தானாகப் போகும். என் மடிக்கணினியில் 8 ஜிபிதான். அதனால் பில்டு முடிந்ததும் 'ஸ்டாப்' கொடுத்து நானே அனுப்பிவிடுகிறேன்.