தேக்காவா, மேக்ஸ்வெல்லா, லாவ் பா சாட்டா?

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுதான் அடிக்கடி வருவது: "ஒரு நாள் கையில இருக்கு. கடை கடையா உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கணும். எங்க போகலாம்?"

இங்கே உணவங்காடி நிலையங்கள், அதாவது பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் இடங்கள், நூற்றுக்கும் மேல். இந்த அங்காடிச் சாப்பாட்டுப் பழக்கத்தை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பேச்சு மூன்று பெயர்களைத் தாண்டாது. லிட்டில் இந்தியாவில் தேக்கா, சைனாடவுன் ஓரத்தில் மேக்ஸ்வெல், வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே லாவ் பா சாட். மூன்றுமே சந்தை வழி வந்த இடங்கள். மூன்றிலும் தலைக்கு மேல் கூரை, சுற்றிலும் திறந்த பக்கங்கள், மின்விசிறி. குளிர்சாதனத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

ஒரு நாள் முழுக்க ஒரே இடம் என்றால் நான் தேக்காவைத்தான் சொல்வேன். சொன்னதும் ஊர்க்காரர்கள் முகம் சுருங்கும். "அங்க நம்ம சாப்பாடுதானே? அதுக்கா விமானம் ஏறி வந்தோம்?" என்பார்கள். இந்த எண்ணம் பாதிதான் சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தேக்காவில் தோசை, இட்லி, வடை, அப்பம் எல்லாம் உண்டு. சென்னையிலோ மதுரையிலோ இருந்து வந்தவர் அதற்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தாண்டிப் போகலாம்.

மீதிப் பாதி வேறு கதை. தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து வந்து, மலாய்க்காரர் சமையலையும் சீனர் சமையலையும் பக்கத்தில் பார்த்துப் பழகி, இங்கே உருவாக்கிய சாப்பாடு அது. அடுப்படியில் நிற்பவர் நம்மோடு தமிழில் பேசுவார், ஆனால் அவர் தட்டில் போடுவது தமிழ்நாட்டில் கிடைக்காது.

மீ கோரெங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸ். அதை மிளகாய் விழுதும் தக்காளியும் சேர்த்துச் செக்கச் சிவக்கப் பிரட்டுகிறார்கள். முட்டை, உருளைக்கிழங்கு, சில கடைகளில் கொத்திய ஆட்டிறைச்சி. தொட்டுக்கொள்ள ஓரத்தில் வெள்ளரிக்காயும் தக்காளி சாஸும். நூடுல்ஸ் சீனம், பெயர் மலாய், செய்கிறவர் கடையநல்லூர்க்காரராகவோ ராமநாதபுரத்துக்காரராகவோ இருக்கலாம். சென்னையில் இதே பெயரில் சில உணவகங்களில் கிடைப்பதற்கும் இதற்கும் உறவே இல்லை. கல்லின் சூட்டில் லேசாகத் தீய்ந்த வாசம்தான் இதன் உயிர். ஆறிப்போனால் ஒன்றுமில்லை, வாங்கிய உடனே சாப்பிட வேண்டும்.

அடுத்தது இந்தியன் ரோஜாக். கண்ணாடிப் பெட்டிக்குள் விதவிதமான பலகாரங்கள் அடுக்கியிருக்கும். வடை, தேங்காய் மாவுருண்டை, இறால் வைத்துப் பொரித்தது, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, தௌஃபு என்கிற சோயாக்கட்டி, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்த தெம்பே. வேண்டியதைக் கைகாட்டினால் மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, வெள்ளரி, பச்சை வெங்காயம், பச்சை மிளகாயோடு தருவார்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் ஆரஞ்சு நிறக் குழம்பு. இனிப்பும் காரமும் கலந்தது, சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்டுக் கெட்டியாக்குவார்கள். கடை கடையாக ருசி பார்க்கிற நாளுக்கு இதைவிடத் தோதான பதார்த்தம் இந்த ஊரில் இல்லை என்பேன். நாலு துண்டு வாங்கினாலும் ஒரு தட்டு, பதினாலு வாங்கினாலும் ஒரு தட்டு. பசிக்குத் தகுந்தபடி நாமே அளவு வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை. கை பாட்டுக்குக் காட்டிக்கொண்டே போனால் பிரியாணியைத் தாண்டிவிடும்.

சூப் கம்பிங் என்கிற ஆட்டுச் சூப்பும் இந்த வகைதான். மல்லி, சோம்பு, சீரகம் மணக்கும். மேலே வறுத்த வெங்காயம் தூவி, தொட்டுக்கொள்ள நீள ரொட்டியைத் துண்டுபோட்டுத் தருவார்கள். நம் ஊர் எலும்புச் சூப்பை இட்லியோடு சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அந்த ரொட்டி முதல் வாய்க்குப் பொருந்தாத மாதிரி தோன்றும். மூன்றாவது வாய்க்குச் சரியாகிவிடும்.

பிரியாணிக்கு வருவோம், ஏனென்றால் தேக்காவுக்குப் பெயர் வாங்கித் தந்தது அதுதான். மிஷலின் உணவு வழிகாட்டியின் பிப் கூர்மோன் பட்டியலில் (அதிக விலையில்லாத நல்ல சாப்பாட்டுக்கான பட்டியல்) இடம்பெற்ற அலாவுதீன் பிரியாணியும், உள்ளூர்க்காரர்கள் விடாமல் போகும் யாக்காதரும் இங்கேதான். பாஸ்மதி அரிசி. பக்கத்தில் தால்சா என்கிற பருப்புக் குழம்பும் வெள்ளரி ஊறுகாயும். ஆம்பூர், திண்டுக்கல் சீரகச்சம்பாவில் ஊறிய நாக்கு இதை ஏற்குமா என்றால், பலருக்கு ஏற்காது. நல்ல பிரியாணிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு தட்டு வயிற்றை மூடிவிடும், அதன்பின் எதையும் ருசி பார்க்க முடியாது. மூன்று பேருக்கு ஒரு தட்டு என்று பங்கு போட்டுக்கொள்வது நல்லது. தனியாக வந்தவர் கடைசியில் வைத்துக்கொள்ளட்டும்.

தேக்காவின் இன்னொரு பலம் ஈரச்சந்தை. சாப்பாட்டுக் கடைகளும் சந்தையும் ஒரே கட்டடத்தில், ஒரே தளத்தில். மாடியில் துணிக்கடைகள், தையல்காரர்கள். 1915இல் கட்டிய பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அதை மூடி, 1982இல் திறந்த கட்டடம் இது. காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போனால் ஒரு பக்கம் மீன், நண்டு, ஆட்டிறைச்சி, இன்னொரு பக்கம் வாழையிலை, முருங்கைக்கீரை, துருவிக்கொண்டிருக்கும் தேங்காய். தமிழில் விலை சொல்கிற சீன வியாபாரிகளைப் பார்க்கலாம், ஹொக்கியன் என்கிற சீன மொழி பேசும் நம்மவர்களையும் பார்க்கலாம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே நடக்க இடம் வேண்டுமில்லையா, அதற்கு இந்தச் சந்தை போதும். மற்ற இரண்டு இடங்களிலும் சந்தை போய்விட்டது, சாப்பாடு மட்டும் மிச்சம்.

சீனக் கடைகளும் தேக்காவில் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாத்துச் சோற்றுக் கடைக்கும் இறால் நூடுல்ஸ் கடைக்கும் நிற்கிற வரிசையே அவற்றின் தரத்தைச் சொல்லும்.

குறை இல்லாமல் இல்லை. சத்தம், புழுக்கம். மதியம் இரண்டரைக்கு மேல் ஈரச்சந்தை அடங்கிவிடும், மாலையில் சாப்பாட்டுக் கடைகளும் பல மூடிக் கிடக்கும். ஆகவே தேக்கா காலைக்கும் மதியத்துக்குமான இடம்.

மேக்ஸ்வெல்லின் கதை வேறு. அளவில் சிறியது, நீளவாக்கில் வரிசையாகக் கடைகள், குழப்பமில்லாமல் சுற்றலாம். முன்பு ஈரச்சந்தையாக இருந்து, 1980களில் உணவங்காடி ஆனது. 2022 நவம்பரில் வாசலிலேயே எம்ஆர்டி ரயில் நிலையம் வந்துவிட்டதால் போவதும் எளிது. சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் ஒரே கடையைத் தேடித்தான் வருகிறார்கள்: தியன் தியன் ஹைனான் கோழிச் சோறு. 2013இல் பிரிட்டிஷ் சமையல் நட்சத்திரம் கார்டன் ராம்சே சிங்கப்பூருக்கு வந்து உள்ளூர் அங்காடிக்காரர்களோடு சமையல் போட்டி போட்டபோது, கோழிச் சோற்றில் அவரைத் தோற்கடித்தது இந்தக் கடை. அதே வரிசையில் சில கடை தள்ளி ஆ தாய். தியன் தியனில் சமைத்துக்கொண்டிருந்தவர் பிரிந்து வந்து போட்ட கடை.

கோழிச் சோறு பார்வைக்கு ஏமாற்றும். வெள்ளைக் கோழி, வெள்ளைச் சோறு, அவ்வளவுதான். கோழியைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் போடுகிறார்கள். அதனால் தோல் வழவழவென்று இறுகும். நம் ஆட்களில் பலருக்கு இந்தத் தோல்தான் தடை, "வேகல போலிருக்கே" என்று தட்டைத் தள்ளிவைத்தவர்களை அறிவேன். உண்மையில் இங்கே கவனிக்க வேண்டியது கோழியை அல்ல, சோற்றை. கோழிக் கொழுப்பு, இஞ்சி, பூண்டு, பாண்டான் இலை போட்டு வேகவைத்த சோறு அது. அதைத் தனியாக ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மிளகாய்ச் சாந்தைத் தொடுங்கள்.

இரண்டு கடைகளில் எது? தியன் தியனின் சோறு ஒரு படி மேலே என்பது என் நாக்கின் தீர்ப்பு. ஆனால் அந்த ஒரு படிக்காக மதிய வெயிலில் அரைமணி நேரம் நிற்கலாமா என்றால், வேண்டாம். பதினொன்றரைக்கு முன்பே போனால் தியன் தியன், பிந்திவிட்டால் ஆ தாய். இரண்டிலும் சின்னத் தட்டாக ஒவ்வொன்று வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்ல யோசனை.

மேக்ஸ்வெல்லில் இதைத் தவிர, சிப்பியும் பன்றி இறைச்சியும் உள்ளே வைத்து மேலே நிலக்கடலை பதித்துப் பொரிக்கும் ஃபுஜோ சிப்பி வடை உண்டு. கஞ்சிக்கடை உண்டு. கரும்புச் சாறு உண்டு. பன்றியிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குத் தேக்காவைவிட இங்கே தேர்வு மிக அதிகம். நாலைந்து பேராக, எதற்கும் தயங்காத கூட்டமாக வந்தால், தேக்காவோடு சரிக்குச் சமமாக மோதக்கூடிய இடம் இது ஒன்றுதான். சைவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் கூட்டத்தில் இருந்தால் மோதலே இல்லை, தேக்காதான்.

லாவ் பா சாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கட்டடம் அபாரம். ஜேம்ஸ் மெக்ரிச்சி வடிவமைத்த எண்கோணச் சந்தை, 1894இல் கட்டியது. வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தவை. 1973இல் தேசிய நினைவுச் சின்னமானது. எண்பதுகளில் கீழே ரயில் சுரங்கம் தோண்டியபோது மொத்தத்தையும் கழற்றி வைத்து மறுபடி பூட்டினார்கள். தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். தட்டைப் பார்த்தால்தான் அந்த உற்சாகம் குறைகிறது. எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும், விலை மற்ற இரண்டையும்விடச் சற்றுக் கூடுதல், ஆனால் இதற்காகவே வரலாம் என்று சொல்கிற கடை உள்ளே குறைவு.

விதிவிலக்கு சாத்தே. மாலையானதும் பக்கத்து பூன் டாட் தெருவில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேசை போடுவார்கள். வரிசையாகக் கரி அடுப்புகள், மேலே வானளாவிய வங்கிகள். கோழி, ஆடு, மாடு, இறால் என்று குச்சியில் குத்திச் சுட்டு, நிலக்கடலைக் குழம்போடு தருவார்கள். ஒன்றிரண்டு குச்சி கேட்டால் கிடைக்காது, மொத்தமாகத்தான் வாங்க வேண்டும். தனி ஆளுக்குத் தொல்லை, கூட்டத்துக்குக் கொண்டாட்டம். நடந்துபோகும்போதே கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பார்கள். அவசரப்படாமல் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

ஒரே இடம் போதாது, மூன்றையும் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. காலை தேக்கா. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற வழித்தடத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை வழியாக, 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு மேக்ஸ்வெல்லுக்கு நடக்கலாம். மாலையில் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவைக் கடந்து லாவ் பா சாட். கடைசி இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிட நடைதான். ஆனால் இப்படிப் போகிறவர் ஒவ்வொரு இடத்திலும் பெயர்பெற்ற ஒரு தட்டைத்தான் சாப்பிட முடியும். ரோஜாக்குக்கும் சூப்புக்கும் வயிற்றில் இடம் இருக்காது, எனக்கு அது நஷ்டமாகப் படுகிறது.

சில்லறை விஷயங்கள். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம், எடுத்துத் துடைத்துவிடாதீர்கள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம், மீறினால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் அபராதம். ஹலால் தட்டுகளுக்கு அடுக்கு தனி, மாற்றி வைத்துவிடக் கூடாது. காப்பி கேட்டால் கெட்டிப்பால் ஊற்றி இனிப்பாக வரும். சர்க்கரையும் பாலும் வேண்டாம் என்றால் "கோப்பி ஓ கோசோங்". தேக்காவில் இஞ்சி டீயைத் "தே ஹாலியா" என்று கேளுங்கள், எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்ட வயிற்றுக்கு இதம். பெரும்பாலான தட்டுகள் நாலு வெள்ளியிலிருந்து (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) எட்டு வெள்ளிக்குள் அடங்கும். சில்லறை நோட்டு வைத்திருந்தால் நல்லது.

கிழமையும் பார்க்க வேண்டும். தேக்காவிலும் மேக்ஸ்வெல்லிலும் திங்கட்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்கு மேல் தேக்காப் பக்கம் ஊரே திரண்டிருக்கும். வாரம் முழுக்க உழைத்த நம் ஊர்த் தொழிலாளர்களுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு, அவர்கள் நண்பர்களோடு உட்காரும் மேசைக்கு நாம் போட்டி போட வேண்டாம். உங்களுக்குக் கிடைத்தது ஞாயிறு மட்டும்தான் என்றால், காலை பத்து மணிக்குள் தேக்காவை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நேராக மேக்ஸ்வெல்லுக்குப் போங்கள்.