எம்மானா-கால், 4நெக்2: முதலில் எதைக் கற்பது?

ஆன்டெனாவைக் கம்பத்தில் ஏற்றுமுன் கணினியில் கணக்கிட்டுப் பார்க்க விரும்பும் அமெச்சூர் வானொலியாளர்களுக்கு இலவசமாகவே கிடைக்கும் மென்பொருள்கள் எம்மானா-காலும் (MMANA-GAL) 4நெக்2-உம் (4nec2). எம்மானா-காலில் கம்பி முனைகளின் எக்ஸ், ஒய், இசட் அளவுகளை அட்டவணையில் நிரப்பினால் போதும்; 7.1 மெகாஹெர்ட்ஸுக்கான, சுமார் 20 மீட்டர் நீள டைபோலின் (நடுவில் இணைப்புக் கொடுக்கப்படும் நேர்க்கம்பி ஆன்டெனாவின்) கதிர்வீச்சுப் படத்தைப் புதியவரும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். ஆனால் அதன் அடிப்படையான மினிநெக் என்னும் கணக்கீட்டு முறை, மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கு ஆன்டெனா காட்டும் எதிர்ப்பை) கணக்கிடும்போது தரையைக் குறையற்ற கடத்தியாகவே எடுத்துக்கொள்கிறது. அதே டைபோலை 5 மீட்டர் உயரத்தில், அதாவது அலைநீளத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கில் கட்டுபவருக்கு, அது காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவும் இணைப்புக் கம்பியும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காட்டும் அளவு) நம்பத்தக்கதன்று. நம்மில் பலருக்கு வாய்ப்பது இத்தகைய தாழ்ந்த ஆன்டெனாதான் என்பதால் இக்குறையை நான் பெரிதாகவே கருதுகிறேன்.

4நெக்2-இன் அடிப்படை, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்திலிருந்து 1981-இல் வெளிவந்த நெக்-2 என்னும் கணக்கீட்டு நிரல். அதில் சோமர்ஃபெல்டு-நார்ட்டன் என்னும் தரை மாதிரியைத் தேர்ந்தெடுத்தால், மண்ணின் கடத்துதிறனும் மின்காப்பு மாறிலியும் மின்மறுப்புக் கணக்கில் சேர்கின்றன. கற்கச் சற்றுக் கடினம். யாகி (அலையை ஒரு திசையில் குவிக்கும் ஆன்டெனா) ஒன்றின், விட்டம் படிப்படியாகக் குறையும் குழாய்களில் இது தடுமாறும். ஆகவே அட்டவணை பழகும்வரை எம்மானா-கால், தாழ்ந்த கம்பிக்கு 4நெக்2 என்பதே என் பரிந்துரை. எதில் கணக்கிட்டாலும் கணக்குக்காகக் கம்பியைப் பிரிக்கும் துண்டுகளின் எண்ணிக்கையை 11, 21, 41 என உயர்த்திப் பாருங்கள். மின்மறுப்பு நிலைபெறாவிட்டால் கம்பியை வெட்ட வேண்டாம்.