9,450 ரூபாய் கொடுத்து வாங்கிய சிவப்புக் கண்

நேற்றுத்தான் கண் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தேன். கோபம் இன்னும் இறங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண் சிவப்புக்குச் சொட்டு மருந்து பாவிக்கிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். அதற்கு முதல் என் 9,450 ரூபாய் போன கதை.

நான் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவன். சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில் எங்கள் பிழைப்பு ராத்திரியில்தான். ரயிலில் வந்து இறங்குகிற சனத்தை ஏற்றிக்கொண்டு நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி, அங்கிருந்து திரும்பி வந்து அடுத்த ஹயர். குளிர்காற்று, தூசி, தூக்கமின்மை மூன்றும் சேர்ந்து விடியும்போது கண் இரண்டும் மிளகாய் மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போனால் தோட்டத்து லயத்து வீட்டு விறகுப் புகை.

கண் எரிந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். சனம் பார்க்கிற பார்வைதான் பொறுக்கவில்லை. ஒரு நாள் ஒரு குடும்பம் ஏற வந்தது. அந்த அம்மா ஃபோன் லைட்டை என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "வேண்டாங்க, இந்த ஆள் போட்டிருக்கார்" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அடுத்த ஆட்டோவுக்குப் போய்விட்டார். பொலிஸ் இரண்டு தடவை மறித்துப் பலூன் ஊத வைத்தது. எங்கள் அப்பா குடியால் போனவர். நான் ஒரு பியர்கூட வாயில் வைத்ததில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஃபோனில் அந்த விளம்பரம் வந்தது. வெளிநாட்டுச் சாமான்களை கூரியரில் அனுப்புகிற ஒரு பேஜ். ஒரு பக்கம் சிவந்த கண், மறுபக்கம் பால் மாதிரி வெள்ளைக் கண். "டிரைவர்மாருக்கு விசேஷமானது" என்று போட்டிருந்தது. விலை கேட்டு எழுதினேன். பதில் எழுத்தில் வரவில்லை, வொய்ஸில் வந்தது. ஒரு அக்கா. நம்ம மலையகத் தமிழ், நம்ம வீட்டில் பேசுகிற மாதிரியே. "தம்பி எந்தப் பக்கம்?" என்றார். டிக்கோயா என்றேன். "அட, நானும் பொகவந்தலாவதான் தம்பி, எங்க மாமாவும் ஆட்டோதான் ஓட்டுறாரு, அவருக்கும் இதுதான் குடுக்கிறேன்" என்றார்.

அந்த இடத்தில்தான் விழுந்தேன். கொழும்புக்காரன் யாராவது பேசியிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். நம்ம அக்கா, மாமா ஆட்டோக்காரர், அப்புறம் என்ன சந்தேகம்? ஒரு போத்தல் 3,000, மூன்று எடுத்தால்தான் முழுக் 'கோர்ஸ்' என்றார். கூரியர் 450. ஆக 9,450 ரூபாய். எங்கள் அம்மா மலையேறிக் கொழுந்து பறித்து ஐந்து நாள் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) போட்டாலும் அந்தக் காசு கைக்கு வராது.

கூரியர் பையன் காசை எண்ணி வாங்கிய பிறகுதான் பெட்டியைத் தந்தான். பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றதற்கு, அப்படிச் செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை அண்ணே என்றான். உள்ளே மூன்று குட்டிப் போத்தல்கள், ஒரு தமிழ்த் துண்டுச்சீட்டு: "தினமும் 6 தடவை, 2 மாதம் விடாமல் பாவிக்கவும்."

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் நாள் அசந்துபோனேன். ஆட்டோக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே விட்டேன், சில நிமிஷத்தில் சிவப்பு காணாமல் போனது. ஆட்டோ பார்க்கில் இருந்த பையன்கள், "என்ன மச்சான், மாப்பிள்ளை மாதிரி இருக்க" என்று கேட்டார்கள். நானே அந்த அக்காவுக்கு நன்றி சொல்லி வொய்ஸ் போட்டேன். அதையும் இப்போது விளம்பரமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

ஒரு வாரம் தாண்டியதும் விஷயம் மாறியது. விட்டால் வெளுக்கும், கொஞ்ச நேரத்தில் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். ஆறு தடவை எட்டானது, எட்டு பத்தானது. ராத்திரி வளைவுகளில் எதிரே வருகிற பஸ்ஸின் லைட் கண்ணைக் குத்தி, ஒரு நொடி ஒன்றும் தெரியாமல் போகும். பின்னால் ஆட்களை வைத்துக்கொண்டு அப்படி ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

அக்காவுக்குச் சொன்னேன். "அது ஒண்ணும் இல்ல தம்பி, உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது. நிப்பாட்டிடாதீங்க" என்றார். நம்பினேன்! இன்னும் ஒரு வாரம் விட்டேன்.

பிறகு காசைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "கம்பனிக்கு அறிவிச்சிருக்கோம்". பிறகு "மேனேஜர் கொழும்புக்குப் போயிருக்காரு, திங்கக்கிழமை பேசுவாரு". திங்கள் போய்ச் செவ்வாய் கேட்டால் கூரியர் துண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். போத்தலைப் படம் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். என் கண்ணைப் படம் எடுக்கச் சொன்னார்கள், அதையும் எடுத்தேன். கடைசியாக, "நீங்க ஒழுங்கா பாவிக்கல தம்பி, மத்த எல்லாருக்கும் நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு வொய்ஸ். அதோடு என்னை ப்ளொக் பண்ணிவிட்டார்கள். கூரியர் ஒஃபிசில் கேட்டால், சாமானைக் கொண்டுவந்து தருவது மட்டும்தான் எங்கள் வேலை என்றார்கள்.

தங்கச்சி வீட்டுக்காரரின் ஃபோனிலிருந்து புது ஆள் மாதிரி எழுதிப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் அதே குரல். "தம்பி எந்தப் பக்கம்?" வேண்டுமென்றே பதுளை என்றேன். "அட, நானும் பதுளைதான் தம்பி!"

அன்றைக்குத்தான் போத்தலை நிதானமாகப் பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த பளபளப்பான லேபலை நகத்தால் சுரண்டினால் கீழே இன்னொரு லேபல். பொடி எழுத்தில் டெட்ராஹைட்ரோசோலின் 0.05 சதவீதம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 தடவை. சிவப்பு 72 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் போகவும். காலாவதித் திகதி இருக்க வேண்டிய இடத்தை யாரோ துடைத்து எடுத்திருக்கிறார்கள். 3 நாள் மருந்தை 2 மாதத்துக்கு விற்றிருக்கிறார்கள் எனக்கு.

கிளினிக்கில் டொக்டர் போத்தலைப் பார்த்ததுமே தலையில் கை வைத்தார். சிங்களத்தில்தான் பேசினார், எனக்கு நன்றாக விளங்கும். கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு மேலே இருக்கிற நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவதால்தான் கண் சிவக்கிறதாம். இந்த மருந்து அவற்றை இறுக்கிவிடும், அதனால் வெள்ளையாகத் தெரியும். வேகம் குறைந்ததும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக விரியும். திரும்ப விட்டால் திரும்ப இறுக்கும், திரும்ப விரியும். காற்று, புகை, அலர்ஜி என்று சிவப்புக்கான காரணம் அப்படியே இருக்கும். ஒயில் ஒழுகுகிற எஞ்ஜினைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டிய கதைதான் என்னுடையது. மருந்து கண்மணியையும் விரியச் செய்யலாம், ராத்திரி லைட் குத்தியதற்கு அது காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்.

அப்புறம் கேட்டார், வீட்டில் வேறு யாராவது இதைப் பாவித்தார்களா என்று. எனக்கு வாய் வரவில்லை. அடுப்புப் புகையில் அம்மாவுக்குக் கண் எரிந்தபோது நான்தான் இரண்டு நாள் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு பிரஷர், மாதா மாதம் கிளினிக்கில் குளிசை எடுக்கிறார். பிரஷர், இருதய வருத்தம், தைரொயிட், சீனி இருக்கிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாதாம். கண்ணில் அழுத்தம் கூடுகிற குளுக்கோமா இருந்தால் சில பேருக்குப் பெரிய ஆபத்து. 2023 இல் நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்தால் சிலருக்குப் பார்வை போன செய்தி வந்ததிலிருந்து, "கண்ட தண்ணியையும் கண்ணுல ஊத்தாதடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் அம்மா. (அது வேறு மருந்து, பிரெட்னிசொலோன் என்கிற ஸ்டீரொயிட்.) மகன் கொண்டுவந்தது என்றதும் தலையைச் சாய்த்துக் கண்ணைக் காட்டினார்.

போத்தலை எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? டீவிக்கு மேலே, விபூதித் தட்டுக்குப் பக்கத்தில். தங்கச்சியின் மகனுக்கு மூன்று வயது, கதிரையில் ஏறி எல்லாவற்றையும் எடுத்து வாயில் வைக்கிறவன். சின்னப் பிள்ளை இதில் 1 அல்லது 2 மில்லிலீட்டர் விழுங்கினாலே மயக்கம் வந்து, இருதயத் துடிப்பும் மூச்சும் குறைந்துபோகலாமாம். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

எனக்குத் தந்தது செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் அலர்ஜிக்கு ஒரு சொட்டும். ஆஸ்பத்திரியில் ஒரு சதம் வாங்கவில்லை. நிறுத்திய பிறகும் சிவப்பு போகச் சில வாரம் எடுக்கலாம், பயந்து திரும்ப அதை விட வேண்டாம் என்றார். ராத்திரி ஓட்டும்போது காற்றுப் படாமல் ஒரு வெள்ளைக் கண்ணாடி போடச் சொன்னார். டவுனில் 600 ரூபாய்க்கு வாங்கினேன். 600 ரூபாயில் முடிய வேண்டியது. 9,450 போய்விட்டது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், ஆனால் ஹயருக்குப் போக வேண்டும். சுருக்கமாக: சிவப்புப் போக்கும் சொட்டு 3 நாளுக்கு மேல் வேண்டாம். பதிவுபெற்ற பாமசியில் மட்டும் வாங்குங்கள், லேபலுக்கு மேல் லேபல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போத்தல் நுனி கண்ணில் படக்கூடாது, ஒரு போத்தலை இரண்டு பேர் பாவிக்கக் கூடாது. கண் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாமை, சீழ் இருந்தால் சொட்டைத் தேடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கிற ஸ்டீரொயிட் சொட்டைக் கடன் வாங்கி விடாதீர்கள், அது கண் அழுத்தத்தைக் கூட்டும். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற ஃபோன் நம்பரில் சொல்லுங்கள், நானும் சொல்லப்போகிறேன்.

மூன்றாவது போத்தலைத் திறக்கவில்லை, முறைப்பாட்டுக்காக வைத்திருக்கிறேன். காலையில் தங்கச்சி வீட்டுக்காரரின் ஃபோனில் பார்த்தேன், அந்தப் பேஜில் சீசன் ஓஃபர் போட்டிருக்கிறார்கள்: மூன்று போத்தல் எடுத்தால் கூரியர் இலவசம். என்னிடம் அதற்கும் 450 எடுத்தார்கள்.